பச்சைப் பூச்சு

போர்ட் ஒயின் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்துகொண்டிருந்த காலத்தில், லீத் துறைமுகத்தில் ஒரு வணிகரின் நிலவறையில் அதைப் புட்டியில் இறக்கித் தக்கை அடித்தவர் ஈபன் கவன்ஸ். பிறகு போர்ச்சுகலிலேயே புட்டியில் அடைத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஈபன் அதே வணிகரின் வேனை ஓட்டப் போனார். மேலே வெளிச்சம் இருக்கிறது, முதுகும் வலிப்பதில்லை என்பார். ஒரே ஒரு பெருமை மிச்சம். லீத்தில் அடைத்தது என்று தக்கையில் சூடு போட்டிருந்தால் ஏலத்தில் பத்துக் கைகள் கூடுதலாக உயரும்.

எண்பத்தாறு மார்ச்சில் அதற்கு ஆபத்து வந்தது. ஏலப் பட்டியல் எழுதும் மிஸ் ஹால்டேன் ஒரு மத்தியானம் அவரை ஏலக் கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டார். வேனில் கூட வந்த மனைவி நெட்டாவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். மேசையில் அறுபத்து மூன்றாம் வருட அறுவடையின் ஒயின், இரண்டு வருடம் பீப்பாயில் கிடந்த பிறகு அடைத்தது, இரண்டு புட்டி. ஒரே சரக்கு, இரண்டும் ஈபன் அடைத்தவை. கோப்பையில் ஊற்றியபோது ஒன்று கருஞ்சிவப்பு. மற்றது ஆறிப்போன டீ.

"ஒரே ஆள் அடைச்சது இப்படி ரெண்டு விதமா இருந்தா, லீத் புட்டிய நம்ப முடியாதுன்னுதான் எழுதணும் கவன்ஸ். எல்லா வருஷத்துக்கும் சேர்த்து."

ஈபன் கோப்பையைப் பார்க்கவில்லை, புட்டியைப் பார்த்தார். படுக்கவைத்த புட்டியில் எது மேல்பக்கம் என்று தெரிவதற்காக ஒரு சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். இடம் மாற்றும்போது வண்டல் கலையாது. ஒன்றில் வெள்ளைப் பூச்சு. மற்றதில் பச்சை. அவர் காது சிவந்தது.

"காரணம் எனக்குத் தெரியும். நெட்டா கொஞ்சம் வெளிய இருந்தா சொல்லிடுவேன்."

"நான் ஏன் போகணும்? பொண்ணு விவகாரமா?"

"பொண்ணு விவகாரந்தான். அந்தப் பொண்ணு நீதான்."

நெட்டா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அறுபத்தஞ்சு செப்டம்பர், வியாழக்கிழமை," என்றார் ஈபன். "பாதிப் பீப்பா இறக்கியாச்சு. நம்ம பசங்க நாலு பேரு எனக்குக் கரி பூச வந்துட்டானுங்க."

அந்த ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்கு அது தப்பாது. வெல்லப்பாகு, மாவு, அடுப்புக்கரி என்று பூசிவிட்டு, கடைசியில் புட்டிக்கு வைத்திருந்த சுண்ணாம்பு வாளியையும் தலையில் கவிழ்த்தார்கள். கைவண்டியில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். சனிக்கிழமை கல்யாணம். அன்றே கடலோர ஊரான ராத்ஸேக்குத் தேனிலவு. பாதி காலியான பீப்பாய் மேல்அடைப்பு திறந்தபடி பதினோரு நாள் காற்று குடித்தது.

"காத்து பட்டா வெளுத்துரும். திரும்பி வந்து பாத்தா சுண்ணாம்பு இல்ல. கதவுக்கு வெச்சிருந்த பச்சைப் பெயிண்ட்டத் தொட்டு வெச்சு மீதிய அடைச்சேன். முந்நூத்தி நாப்பது புட்டி. வேற எந்த வருஷத்துலயும் பச்சை கெடையாது."

"ராத்ஸேலருந்து ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றார் மிஸ் ஹால்டேன்.

"பண்ணி என்ன செய்ய? நிலவறையப் பூட்டிட்டு, சாவிய என் பாக்கெட்லயே போட்டுட்டானுங்க. அது என்கூட ராத்ஸேக்கு வந்துருச்சு."

நெட்டா அவரையே பார்த்தாள். "அந்த வாரம் முழுக்க மழையப் பாத்துட்டு உம்முன்னு உக்காந்திருந்தியே..."

"பீப்பாய நெனச்சுத்தான்."

"எங்கம்மா கூட வந்ததுனாலன்னு இருபது வருஷமா நெனச்சுட்டிருக்கேன்யா."

"அதுவும் ஒரு காரணந்தான்."

மிஸ் ஹால்டேன் சிரித்துக்கொண்டே எழுதி, வாசித்தார். "அறுபத்து மூன்றில் பச்சைப் பூச்சுள்ளவை மட்டும் மெலிந்தவை. காரணம், அடைத்தவரின் திருமணம். லீத்தில் அடைத்த மற்றவற்றை நம்பி வாங்கலாம்."

"மெலிஞ்சதுன்னு போட்டுட்டீங்களே," என்று நெட்டா கருஞ்சிவப்பை ஒரு வாய் குடித்துவிட்டு டீ நிறக் கோப்பையை எடுத்துக் குடித்தாள். "நல்லாத்தான இருக்கு. அது தொண்டைய மிதிக்குது. இது செருப்பக் கழட்டிட்டு வருது."

ஈபன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

மிஸ் ஹால்டேன் படித்தார்.

"மூணாவது தடவையும் கேக்காத," என்றாள் நெட்டா. "வேன் நிறுத்தக் கூடாத எடத்துல நிக்குது."