தபசு இருந்த பெட்டி

இடது கையில் மூன்று விரல் மடங்காமல் போனபிறகு, எங்கள் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர் என்னிடம் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கித்தார் வாசிக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

பஞ்சாலையில் இயந்திரப் பட்டை இழுத்து நசுக்கிய விரல்கள் அவை. ஆலையில் என்னை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். பிழைப்பு போகவில்லை, அந்தமட்டும் கடவுள் புண்ணியம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கித்தாரைத் திருப்பிப் பிடித்து வலது கையால் அமுக்கிப் பார்த்தேன். அந்தக் கை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பி என்றது. என் மனைவி மாதாகோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். சாயங்காலங்களில் அவள் பாட, நான் வாசிப்பது வழக்கம். விரல் போனபின் வீட்டில் பாடுவதையே விட்டுவிட்டாள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெருவில், ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டுக்கு அவள் தையல் வேலைக்குப் போவாள். அந்த மதாம் ஊருக்குக் கப்பலேறும்போது வேண்டாத சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் பீங்கான் தட்டும் திரைச்சீலையும் எடுத்துக்கொண்டார்கள். இவள் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு ஆட்டோஹார்ப். தட்டையான கறுப்புப் பெட்டி, அதன்மேல் முப்பதுக்கும் அதிகமான கம்பிகள், கம்பிகளுக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டைகள். ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டு கம்பிகளை வருடினால் ஒரு ஸ்வரக்கூட்டு தானாக வந்துவிடும். வெள்ளைக்காரக் குழந்தைகள் மடியில் வைத்து விளையாடியதைப் பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் ஒரு வாத்தியமா? அப்பளம் இடற பலகை," என்றேன்.

"ஒத்த வெரலு போதுமாங்க. மதாமே சொன்னாங்க. வாசிச்சித்தான் பாருங்களேன்."

நான் பார்க்கவில்லை. ரோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தபோதுதான், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் பெட்டியை மடியில் எடுத்து வைத்தேன்.

கித்தாரில் விரல் அமுக்கிய இடம்தான் பேசும். இதில் நேர்மாறு. கட்டைகளின் அடியில் கம்பளித் துண்டுகள் ஒட்டியிருந்தன. அமுக்கினால் வேண்டாத கம்பிகளின் வாயை அவை பொத்திவிடும், மிச்சமிருப்பவை பேசும். கட்டையை முழுசாக அமுக்கினால் கணீரென்று நின்று ஒலித்தது. உள்ளங்கையால் எல்லாக் கட்டைகளையும் லேசாகத் தொட்டுக்கொண்டு வருடினால் வால்ஸ் நடனத்துக்கு வேண்டிய வறட்டுத் தட்டல் கிடைத்தது. இருபது வருஷம் கித்தாரோடு மல்லுக்கட்டியவன் நான். எதைப் பேசவிடாமல் வைப்பது என்று இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை. பிழைத்த ஒற்றை ஆட்காட்டி விரலால் வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

பூசை முடிந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்று பாட ஆரம்பித்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. அதைத் திட்டாமல் தின்றேன் என்று பல நாள் என்னைக் கேலி செய்தாள்.

விஷயம் தெரிந்து வயலின்காரர் வந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பொம்மையின்னுதான்பா நெனச்சேன். நல்லாத்தான் இருக்குது. தபசு முடிஞ்சி வர்ற மொதக் கல்யாணத்துல வந்து வாசி. சரிப்பட்டுச்சின்னா உன் எடத்த வேற எவனுக்கும் தரமாட்டேன்."

எங்கள் ஊர் கிறிஸ்தவ வாத்தியக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் இல்லாத நாற்பது நாள் தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று கித்தார் நரம்புகளைத் தளர்த்தி, ஊதாத் துணி சுற்றி வைத்துவிடுவோம். கோவிலில் சுரூபச் சிலைகளை மூடுகிற மாதிரிதான். நாம் சந்தி பிடித்து நோன்பிருக்கும்போது வாத்தியமும் தபசு இருக்கவேண்டும். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக்கு மணி அடிக்கும்வரை துணியைத் தொடமாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதைச் செய்வது என் மனைவி. அந்தப் புதனன்று நான் ஆலையிலிருந்து வந்தபோது பெட்டிமேல் ஊதாத் துணி கிடந்தது. நல்லது என்று நினைத்தேன். அந்த நாற்பது நாளும் சாப்பாட்டு மேசையில் விரலை அமுக்கி அமுக்கி வால்ஸ் பழகினேன்.

பெரிய சனிக்கிழமை காலை, இரண்டு நாளாக ஓய்ந்திருந்த கோவில் மணிகள் மறுபடி அடித்ததும் துணியை எடுத்தேன். கம்பிகள் எல்லாம் தொய்ந்து கிடந்தன. ஒன்றுவிடாமல் முறுக்குச் சாவி போட்டுத் தளர்த்தியிருந்தாள்.

"கைய திருப்பிக் குடுத்த சாமிக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாதுன்னு பொறுமையா செஞ்சேங்க," என்றாள்.

கித்தாரில் இருந்தது ஆட்டுக்குடல் நரம்பு. தளர்த்தினாலும் தாங்கும், அறுந்தால் புதிது போடலாம். இது பழைய இரும்புக் கம்பி, கடற்காற்றில் துருவேறியது. முறுக்க முறுக்க ஆணிக்குப் பக்கத்தில் பட்பட்டென்று அறுந்தன. ஒவ்வொன்று அறும்போதும் அவள் "ஐயோ, மாதாவே" என்றாள். வீணைக் கம்பி வாங்கிவந்து போட்டேன். மெல்லிய கம்பிகளுக்கு அது சரிப்பட்டது. ஆனால் இத்தனை நாள் இழுவை இல்லாமல் வெயில்காலச் சூட்டில் காய்ந்த சட்டம் கம்பி ஏற ஏறப் பிளந்துகொண்டது. தச்சன் வஜ்ஜிரம் போட்டு ஒட்டினான். முறுக்கினேன், திரும்பவும் பிளந்தது. தச்சன் கையை விரித்துவிட்டான். முதல் கல்யாணத்துக்கு வேறொருவன் கித்தாரோடு போனான். இடம் அவனுக்கே ஆயிற்று.

அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது. திட்டு வாங்கினால் அழுது தீர்த்திருப்பாள். அவளாகவே ஒரு நாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய்வந்தாள்.

"சாமியாரு சிரிச்சிட்டாரு. இது பாவமே இல்லியாம். பாவமில்லாததுக்கு எப்பிடி மன்னிப்பு குடுக்கிறதுங்கறாரு."

"அதான் சாமியாரே சொல்லிட்டாரே, வுடு."

"அப்ப இத நான் எங்க கொண்டுபோயி எறக்கறது?"

அடுத்த ஞாயிறு கோவில் மாடத்தில் பாடகர் குழு பாடத் தொடங்கியபோது அவள் அங்கே இல்லை. கீழே, பெண்கள் பக்கம், தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சாகும்வரை திறக்கவில்லை.