ஆவுளியா எண்ணுகிறவர்

ட்ரோனைப் பறக்கவிடும் முன் சிவப்பிரகாஷ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார். கடலைப் பார்த்து அல்ல, ட்ரோனைப் பார்த்து. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் முதுகில் இன்னும் காய்ந்து கிடக்கிறது.

சொந்த ஊர் புதுக்கோட்டை, வயது முப்பத்திரண்டு. கடல்பசுவைக் கணக்கெடுக்கும் திட்டத்துக்கு இந்தக் கரையில் இவர்தான் நிபுணர். கரைக்காரர்கள் அதை ஆவுளியா என்பார்கள். உயிரோடு ஒரு ஆவுளியாவை இவர் பார்த்ததில்லை; படகில் ஏறினால் குமட்டும். மணலில் குடை நட்டு, நாற்காலி போட்டு, கால் நனையாமலே கடல் வல்லுநர் ஆகிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். "இப்பல்லாம் யாரு கடலுக்குள்ள போவா? எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு ரோஸ்மில்க் உறிஞ்சுகிறார்.

படங்களில் எது ஆவுளியா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இவரே. பழுப்பாக, நீளமாக, நீர்மட்டத்தில் மிதந்தால் ஆவுளியா. அதற்குமேல் பாடம் நடத்த வாத்தியாருக்கே தெரியாது. கடலடியில் பாறை பரந்த இடத்துக்குப் பார் என்று பெயர். போன மாதம் ஒரே பாரில் பதினான்கு ஆவுளியா படத்தில் சிக்கின. மேலிடத்தில் கைதட்டினார்கள். இனி அங்கே யாரும் சங்கு குளிக்கக் கூடாது என்று உத்தரவு தயாராகிறது. இவருடைய கடைசி அறிக்கை போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

இருபது வருடமாக அந்தப் பாரில் சங்கு குளிக்கும் ரெக்சன் நேற்று மதியம் வந்தார். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. படங்களைக் காட்டச் சொல்லி, குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது ஆவுளியா இல்ல, நாந்தான். முங்குததுக்கு முன்னால காலைச் சேத்து வச்சு, தரையப் பாத்துக் குப்புறக் கெடப்போம்லா? அந்தா, செவப்பு நிக்கர் தெரியுது பாருங்க. பக்கத்துல கெடக்கது எம்மச்சான் ஆன்டனி."

"அண்ணாச்சி, மிஷின் தொண்ணூத்தோரு பெர்சென்ட் ஆவுளியான்னு சொல்லுது."

"மிஷினுக்குத்தான் நிக்கர் தெரியல. ஒங்களுக்குமா தெரியல?"

பக்கத்தில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே ஆத்திரமும் வந்தது. சிவப்பிரகாஷ் பதறவில்லை. திரையில் இரண்டு விரலை வைத்துப் படத்தைச் சுருக்கினார். சிவப்பு மங்கியது. இன்னும் சுருக்கினார். நிக்கர் முழுக்க மறைந்து ரெக்சன் ஒரு புள்ளியானதும், அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அறிக்கையோடு சேர்த்து அனுப்பிவைத்தார்.