ஜுலைகா மாமியைக் குளிப்பாட்டிய நாள்

ஜுலைகா மாமி உயிர் பிரிந்து மௌத்தான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நசீரா யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்தாள். அழுகை வரவில்லை. யார் குளிப்பாட்டப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வேறு யார், நான்தான் என்று உறைத்தபோது தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

பாலக்கரைப் பக்கத்துத் தெருக்களில் ஒரு பெண் கண்ணை மூடினால், யாரையும் விசாரிக்க வேண்டியதே இல்லை, உடம்பைக் குளிப்பாட்ட ஜுலைகா மாமி வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். அதே ஜனங்கள் கல்யாண வீட்டில் மாமி எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். கடைசியில் இந்தக் கையிடம்தான் வந்தாக வேண்டும் என்ற நினைப்பே பிடிக்காது போலிருக்கிறது. மாமி அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பிரியாணியைச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேருவாள்.

நசீராவின் மாமியார் இறந்தபோதுதான் இருவருக்கும் பழக்கம். மூலையில் நடுங்கிக்கொண்டு நின்ற மருமகளிடம் மாமி சொம்பைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றுவதற்கு முன் தன் முழங்கையை வாளிக்குள் விட்டுச் சூடு பார்த்தாள். செத்த உடம்புக்குச் சூடு தெரியுமா என்று நசீரா கேட்டுவிட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?" என்றாள் மாமி.

அந்தப் பதிலுக்காகவே நசீரா அவளோடு போக ஆரம்பித்தாள். புரட்டுவதற்கு முன்னால் மையித்திடம், அந்த உயிரற்ற உடம்பிடம், சொல்லிவிட்டுப் புரட்ட வேண்டும். மேலே போர்த்திய துணி விலகக் கூடாது, துணிக்குள் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மாமி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கண்ணு பாத்தத வாய் சொல்லக் கூடாது. அவங்க மானத்தை நம்ம கையில குடுத்திருக்காங்க." எத்தனை உடம்புகளில் எத்தனை தழும்புகளைப் பார்த்திருப்பாள். ஒன்றும் வெளியே வந்ததில்லை.

போன வருஷம் மாமிக்கு மறதி வந்தது. மகன் ஹாலித் மேலப்புலிவார்டு ரோட்டில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறான், காலையில் போனால் ராத்திரிதான் வருவான். வீட்டில் மருமகள் அஃப்ஷீனும் பிள்ளைகளும். நசீரா கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அஃப்ஷீன் வாசலிலேயே தூக்குவாளியை வாங்கிக்கொள்வாள். "இப்பத்தான் தூங்குனாங்க அக்கா." உள்ளே வரச் சொல்ல மாட்டாள். நசீராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டாதவள் போல எத்தனை முறை வாசலில் நிற்பது என்று போவதையே விட்டுவிட்டாள்.

இப்போது அதே வாசல் விரியத் திறந்திருந்தது.

கொல்லைப்பக்கம் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். உதவிக்கு அஃப்ஷீன் மட்டும். நசீரா முழங்கையால் சூடு பார்த்தாள், இலந்தை இலை போட்ட தண்ணீரால் தலையைக் கழுவினாள். "புரட்டப் போறேன் மாமி" என்று சொல்லி இடப்பக்கம் சாய்த்தாள். இடுப்பில் படுக்கைப்புண் எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தது. மணிக்கட்டுகளைச் சுற்றி, துணியால் கட்டி வைத்த தடம் கறுத்துப்போய்க் கிடந்தது.

"மாமி, இது என்ன?" என்று வழக்கம்போல மாமியிடமே கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் சந்தேகம் வந்தால் அந்த முகத்தைத்தானே பார்த்திருக்கிறாள். கேட்ட பிறகுதான் புரிந்தது. அப்போது உடைந்தது அழுகை.

அஃப்ஷீன் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினாள். மாமி எந்நேரமும் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாளாம். மையித்து காத்துக்கிட்டு இருக்கு, என்னை விடு என்பாளாம். ஒருமுறை பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். "நான் ஒரே ஆளு அக்கா. அடுப்பைப் பாப்பேனா, புள்ளைங்களைப் பாப்பேனா? கட்டாம எப்படி வெச்சிருக்கிறது? யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்கன்னுதான் உங்களையும் உள்ள விடல."

நசீராவுக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. வாசலோடு திரும்பிப்போன தன்னையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் சொம்பை அஃப்ஷீன் கையில் திணித்தாள்.

"நீ ஊத்து. புண்ணு இருக்கு, பாத்து ஊத்து."

அஃப்ஷீன் ஊற்றினாள். நசீரா புண்ணைச் சுத்தம் செய்து பஞ்சு வைத்தாள், முடியைப் பின்னினாள், கற்பூரத் தண்ணீர் விட்டுத் துடைத்து, கஃபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றினாள். மணிக்கட்டுகள் வெள்ளைக்குள் மறைந்தன.

லால்குடியிலிருந்து மாமியின் தங்கை தஸ்லிமா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அவளுக்கும் இதே வாசலில் இதே பதில் கிடைத்திருக்கிறது. அத்தனை பெண்கள் நடுவில் நசீராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு நசீரா. என் அக்காவை இவங்க நல்லா வெச்சிருந்தாங்களா? உடம்புல ஏதாச்சும் இருந்துச்சா?"

அஃப்ஷீனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு வார்த்தை போதும், வீடு இரண்டாகிவிடும். சொன்னால் மனசு ஆறும், ஆனால் மாமி கட்டப்பட்டுக் கிடந்த கோலம் தெருவெல்லாம் பேச்சாகும். நசீரா தஸ்லிமாவின் கைமேல் தன் கையை வைத்தாள்.

"நல்லபடியாப் போனாங்க சின்ன மாமி. முகம் அமைதியா இருந்துச்சு."

மாமியைச் சுமந்த சந்தூக்கு தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாமி சொல்லிக்கொடுத்ததை மாமிக்கே செய்தாயிற்று. அதில் ஒரு நிம்மதியும் இல்லை. இறந்தவளின் மானத்தைக் காப்பாற்றியது சரி, உயிரோடு இருந்தவளை யார் காப்பாற்றினார்கள் என்ற கேள்வி பல நாளைக்குத் தையல் மெஷினோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது.

ரமலான் முடிந்த பிறகு நசீரா வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிழவிகள் கிடக்கும் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். மையித்து குளிப்பாட்டுகிறவள் அழைக்காமல் வாசலில் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் அபசகுனம் பிடித்தவள் என்று காதுபடவே திட்டினார்கள். இந்த முறை ரோஷத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆட்டோ ஓட்டும் அனீஸின் வீட்டில் அவன் மனைவி வெலவெலத்துப் போனாள்.

"அக்கா, எங்க மாமியார் இன்னும் இருக்காங்க."

"தெரியும்மா. அதான் வந்தேன்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தாள். களைத்துப்போயிருந்தாள். கதவைவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

அறை மூத்திர நாற்றமாக இருந்தது. நசீரா வெந்நீர் விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். போர்த்திய துணி விலகாமல் பிடித்துக்கொண்டு, "புரட்டப் போறேன்மா" என்றாள். கிழவி கண்ணைத் திறந்தாள். ஆளை அடையாளம் தெரிந்ததும் கேட்டாள்.

"நான் மௌத்தாயிட்டேனா?"

"இல்லம்மா" என்றாள் நசீரா. "தண்ணி சுடுதா, சொல்லுங்க."

கிழவி யோசித்தாள். "கொஞ்சம் சுடுது" என்றாள்.

நசீரா பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்தாள்.