சிறுமலைக்குப் போன கொட்டான்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கும்பகோணத்திலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். நாகல் நகருக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிவிட்டேன்.

ரூபி மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள். மும்பைக்கு அருகிலுள்ள தானேயில் பிறந்த யூதப் பெண், வங்கி அதிகாரி. எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்துவிட்டு மாற்றலாகி இங்கே வந்தவள். அன்று அவர்களுடைய பூரிம் பண்டிகை. சமைக்காமல் அப்படியே சாப்பிடக்கூடிய பண்டம் இரண்டு வகையாவது கூடையில் வைத்து, பொழுது சாய்வதற்குள் தங்கள் சமூகத்தார் ஒருவருக்காவது ஆள் மூலம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போய்விடுவாள். இந்த மார்ச்சில் விடுப்பு கிடைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு யூதர், சிறுமலையில் மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கொச்சிக்காரர் எஸ்ரா மட்டும்தான்.

"அவருக்குப் போய்ச் சேரலன்னா எனக்கு இந்த வருஷம் பண்டிகையே இல்ல அக்கா," என்று போன வாரம் போனில் சொன்னாள். அவளுக்கு வங்கி வேலை, எனக்கோ ஊர் சுற்றுவது என்றால் கொள்ளை ஆசை. நானே தூது போகிறேன் என்றேன்.

பலகாரத்துக்குள் கசகசாவும் வெல்லமும் பூரணம். மூன்று முனையாக மடிக்க வேண்டும். உதவிக்கு வந்த எதிர்வீட்டுச் செல்வியின் கை, பழக்கதோஷத்தில் சோமாசியாகவே மடித்தது. பத்தாவதில்தான் மூன்றாவது முனை வந்தது. நாற்பது ரூபாய் ஓலைக்கொட்டான்கள் ஐந்தில் பலகாரமும் மலைவாழைப்பழமும் வைத்தோம். நான்கு, அந்தத் தெருவுக்கு. ஐந்தாவதைப் பார்த்துச் செல்வி சிரித்தாள்.

"ஏக்கா, சிறுமலைக்கே சிறுமலைப் பழமா? அங்கிட்டுப் போனா கைகொட்டிச் சிரிப்பாக!"

பழத்தை எடுத்துவிட்டுப் பன்னீர்த் திராட்சை வைத்தோம்.

மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து. இருபத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவிலேயே என் பக்கத்தில் இருந்த சிறுமி வாந்தி எடுத்தாள். ஒன்பதாவதில் ஒரு லாரி பழுதாகிப் பாதையை அடைத்து நின்றது. "செத்த நேரம் பொறுங்க," என்றார் நடத்துநர். அந்தச் செத்த நேரம் ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

வெளிறிப்போய்க் கிடந்த பிள்ளையின் வாயில் இரண்டு திராட்சை போட்டேன். முகம் தெளிந்தது. இன்னும் கேட்டாள், கொடுத்தேன். அவள் தம்பிக்கும் கொடுத்தேன். எங்கள் கும்பகோணத்துக்காரிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வெறும் காம்பு கையில் மிஞ்சியபோதுதான் எனக்குத் திக்கென்றது. கூடையில் இருந்தது இப்போது ஒரே வகை. மலையில் பாதி வழி, கடையும் கிடையாது.

"என்னக்கா, மொகம் வாடிப்போச்சு?" என்றாள் பிள்ளையின் தாய். சொன்னேன்.

"அடக் கடவுளே! அடுத்தவுக பண்டிகைக் கூடையவா எம்புள்ள தின்னுருச்சு?" என்று பதறியவள், தன் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து வைத்தாள். பின்னால் இருந்தவர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். அவித்த கடலை வந்தது, கொய்யா வந்தது, தேன்மிட்டாய் வந்தது. ஒருவர் கால் கிலோ துவரம்பருப்பை எடுத்தார்.

"அண்ணே, சமைக்காமத் திங்கிறதாத்தான் வேணுமாம்," என்றாள் அவள்.

"அப்பப் பருப்பு ஆகாது," என்று நடத்துநரே தன் பொரி உருண்டையை வைத்தார்.

ஐந்தேகாலுக்குத் தோட்டம். வெயில் இன்னும் மரங்களின் தலையில் இருந்தது. எஸ்ராவுக்கு நாற்பது வயது இருக்கும். கொட்டானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முக்கோணப் பலகாரத்தைக் கையில் எடுத்தவர், "பூரிம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். பிறகு பனங்கிழங்கை உயர்த்தி, "இதுவுமா?" என்றார். நடந்ததைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திரும்பும்போது கொட்டான் நிறைய மலைவாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். காலையில் செல்வி ஏற விடாத பழம் இறங்கி வந்தது.

ஆறு மணிக்கு அதே பேருந்து. இரண்டாவது வளைவில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்தது.

"பொழுதோட குடுத்துட்டீங்களா? ரெண்டு வகையும் இருந்துச்சா?" என்றாள் ரூபி.

"திராட்சை போச்சுடி. ஆனா ஏழு வகை இருந்துச்சு."

"ஏழா? யாரு வச்சது?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான்.

எங்கள் ஊரில் தீபாவளித் தட்டு அனுப்பும்போது, அந்த வீட்டிலிருந்து போன வருடம் என்ன வந்தது என்று யோசித்துத்தான் நான் வைப்பேன். அந்தப் பேருந்தில் இருந்தவர்கள், கூடை யாருக்குப் போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.