அண்ணி கூடையில் போட்ட தாள்கள்
எங்கள் அண்ணி நர்ஸ். ஊசி போடும்போது "வலிக்காது" என்று சொல்ல மாட்டார். "வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்பார். நூலகத்து மாடியறையில் எட்டு வருஷமாக வாசிப்பு வட்டம் நடத்துவதும் அப்படித்தான். கிறிஸ்தவரான அவரோடு யூதரான மூக்குக்கண்ணாடிக்காரர், முஸ்லிமான பஸ் டிரைவர். ஒரே கதையை மூன்று வேதங்களிலிருந்தும் நகலெடுத்து வரிவரியாகப் படிப்பார்கள். மழுப்பினால் அண்ணிக்கு ஆகாது.

போன செவ்வாய்க்கிழமை, ஆபிரகாம் பலிகொடுக்க அழைத்துப்போனது எந்த மகனை என்று பேச்சு வந்தது. ஈசாக்கு என்றார் கண்ணாடிக்காரர். இஸ்மாயீல் என்றார் டிரைவர். எங்கள் பைபிளிலும் ஈசாக்குதான் என்று அண்ணி சொன்னதும் டிரைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரெண்டு பேரும் சேந்து என்னை மடக்கறீங்க. இனிமே வரல."

"கத்துறவரோட எனக்கும் ஒத்துவராது" என்று கண்ணாடிக்காரரும் கிளம்பிவிட்டார்.

மூன்று பேராவது இல்லாவிட்டால் நூலகம் அந்த அறையைச் சதுரங்கம் ஆடுபவர்களுக்குக் கொடுத்துவிடும். அந்த ஆத்திரத்தில் அண்ணி தாள்களையும் தேநீர்ப் பைகளையும் சேர்த்து வாரிக் குப்பைக்கூடையில் போட்டார்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் அண்ணி அறையைக் கூட்டப் போனபோது, கோபத்தில் விட்டுப்போன தாள்களைத் தேடி இருவரும் தனித்தனியாக வந்து நின்றார்கள்.

"கூடையில இருக்கு" என்றார் அண்ணி.

"குப்பையிலயா, சிஸ்டர்?"

ஒரே குரல். எட்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

வேத வரிகள் உள்ள தாளை எறியக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும். இருவர் வழக்கமும் அதுதான். வாராவாரம் அவர்கள் தாளை எடுத்துப்போனது வீட்டில் மறுபடி படிக்கத்தான் என்று அண்ணி நினைத்திருந்தார்.

இருவரும் மண்டியிட்டுக் கூடையைக் கிளறினார்கள். டிரைவர் கைக்கு வந்தது யூதர்களின் வேதமான தோராவின் தாள். சீருடைச் சட்டையின் கையால் துடைத்தார். கண்ணாடிக்காரருக்குக் கிடைத்த குர்ஆன் தாளை, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி எடுத்தார். தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அண்ணியை அவமானம் பிடுங்கித் தின்றது.

"தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

"மண்வெட்டி இருக்கா?" என்றார் டிரைவர்.

எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் டிரைவர் குழி தோண்டினார். ஆழம் போதாது என்று கண்ணாடிக்காரர் ஓரத்தில் நின்று குறை சொன்னார். அண்ணி தன் பைபிள் தாளைப் பிடித்தபடி தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"என்னோடதையும் போடலாமா?"

"அதுக்கும் சேத்துத்தான் தோண்டினேன், சிஸ்டர். செவ்வாய்க்கிழமை வந்துடறேன். ஆனா அது இஸ்மாயீல்தான்."

"ஈசாக்கு" என்றார் கண்ணாடிக்காரர், மண்ணைத் தள்ளிக்கொண்டே.