அஞ்சு கிலோ கல்லும் நதீமின் செட்டிங்கும்

சிந்தாதிரிப்பேட்டை நதீமுக்கு வாய் ரொம்ப நீளம். கடைகளில் மின்தராசையும் பில் மெஷினையும் ஒயரால் கோர்த்துவிடுவது அவன் தொழில். "நம்ம செட்டிங் போட்டா போட்டதுதான்க்கா!" என்பான். பையில் ஒரே ஒரு அஞ்சு கிலோ எடைக்கல். அதை வைப்பான், பில் சீட்டில் 5.000 வரும், டீயைக் குடித்துவிட்டு வண்டியை உதைப்பான். இன்னொரு கல் சுமந்தால் நதீம் துரைக்குத் தோள் வலிக்குமாம்.

பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் தேசம்மாவுக்கும் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போனான். மறுவாரமே அவளிடமிருந்து போன் வந்தது. எஸ்தர் டீச்சர் வாங்கிப்போன வஞ்சிரம் வீட்டுத் தராசில் 2.350, சீட்டிலோ 3.350. டீச்சர் திரும்பி வந்து, அத்தனை கடைக்கும் கேட்கிற மாதிரி "திருடி" என்று கத்திவிட்டுப் போயிருந்தார்.

"ஈரக் கையோட தொட்டுக்கீறேக்கா," என்றான் நதீம், வந்ததும் வராததுமாக.

தேசம்மா அவன் கல்லை வைத்துச் சீட்டு எடுத்தாள்: 5.000. பக்கத்துக் கடை ரெண்டு கிலோ கல்லை வைத்தாள். தராசு 2.000 காட்டியது. சீட்டில் அதே 5.000.

அப்புறம்தான் நம்ம துரை லேப்டாப்பைத் திறந்தார். தராசு ஒவ்வொரு எழுத்தையும் ஏழு பிட்டாக அனுப்பி, எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு பிட் வைக்கும். அப்படியே வாசி என்று மெஷினிலிருந்த டிரைவர் மென்பொருளுக்கு அவன் செட்டிங் போட்டிருந்தான். டிரைவர் சரி என்றது. இப்போது என்ன செட்டிங் என்று கேட்டாலும் அவன் போட்டதையே ஒப்பித்தது. ஆனால் ஒயரில் வந்ததையெல்லாம் சரிபார்ப்பு பிட்டையும் எழுத்தோடு சேர்த்து எட்டு பிட்டாகவே வாசித்துக்கொண்டிருந்தது, களவாணி! ஒரு எர்ரர் கிடையாது. அந்த பிட் 1 ஆக வருகிற ஒன்று, ரெண்டு, நாலு, ஏழு, எட்டு மட்டும் கெட்டு வரும். கெட்ட இடத்தில் பில் மெஷின் முந்தின சீட்டில் அதே இடத்திலிருந்த இலக்கத்தையே அடித்துவிடும். அஞ்சும் சைபரும் ஒழுங்காக வரும் என்பதால் அவன் கல்லுக்கு அது ஆயுசுக்கும் அகப்படாது.

"எத்தினி கடைல இத மாட்டிக்கீறே?" என்றாள் தேசம்மா.

"நாப்பது."

"அல்லாத்துக்கும் இந்தக் கல்லுதானா?"

நதீம் கல்லை எடுத்துப் பைக்குள் தள்ளினான்.

"அந்தக் கடைக்கெல்லாம் அப்பால போ நைனா. மொதல்ல டீச்சராண்ட போய் தேசம்மா திருடி இல்லன்னு சொல்லு. முப்பது வருசத்துல ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்ல." நதீமுக்கு மானமே போன மாதிரி இருந்தது.

சாந்தோமில் டீச்சர் வீட்டு வாசலில் நின்று, "தப்பு என்னுது டீச்சர். அவங்க மேல ஒண்ணுமே இல்ல," என்றான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிச் சொன்னதில்லை.

டீச்சர் முழுக்கக் கேட்டார். "ஐயோ பாவம், கோவத்துல சொல்லிட்டேன்பா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே போய் அவகிட்ட பேசறேன். மீனும் அங்கயே வாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை நதீம் கடையோரம் காத்து நின்றான். டீச்சர் வந்தார். தேசம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டீச்சர் நதீமைப் பார்த்து அன்பாகத் தலையாட்டிவிட்டு, தேசம்மா பக்கம் திரும்பாமலே எதிர்க்கடையில் குனிந்து சங்கரா மீன் விலை கேட்டார்.