திரும்ப வாங்கிய பிராது

போன பொங்கலுக்கு விருத்தாசலத்தில் நடந்தது இது. இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. நாள் முழுக்க நூறு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போனால் ஏனென்று கேட்க நாதியில்லை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் துபாயில் இருக்கிறான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முருகன் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, வேலில் கட்டிவிடுவோம். மூன்று மாதத்தில் வழி பிறக்கும் என்பார்கள். பலித்ததும் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நானும் ஐப்பசியில் கட்டினேன். மகன் பொங்கலுக்குள் ஊரோடு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். சாமிக்கே கெடு வைத்த மகராசி நான்.

பொங்கலன்று அவனுடைய போன்தான் வந்தது. இன்னும் மூன்று வருஷம் அங்கேதான் என்றான். வைத்த பொங்கலை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. மறுநாளே முருகனிடம் சண்டை போடக் கோயிலுக்குக் கிளம்பினேன்.

அங்கே பெண்ணாடம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, தனக்கு எழுத வராது, பிராது எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை. கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். அவர் பிழைக்க வேண்டும் என்றுதானே எழுத வேண்டும் என்றேன்.

"அப்படி எழுதாதீங்க. அவுரு படுற வேதனைய பாத்தா எத கேக்குறதுன்னே தெரியல. முருகா, நீ எது செஞ்சாலும் சம்மதம், எங்கூட மட்டும் இருன்னு எழுதுங்க."

பொம்மைக்குக் கண் எழுதுகிற கவனத்தோடு அவர் சொன்னபடியே எழுதினேன். அதைக் கொடுத்துவிட்டு, நேரே போய் என் பிராதைத் திரும்பக் கேட்டேன். வேண்டுதல் பலித்ததா என்று அங்கிருந்தவர் விசாரித்தார்.

"பலிக்கலைங்க. முருகன் இஷ்டம்னு விட்டுட்டேன்."

வெளியே வந்தால், அந்த அம்மா சொல்லி அனுப்பிய இன்னும் இரண்டு பேர் வெறும் காகிதத்தோடு நின்றார்கள். அவர்களுக்கும் எழுதினேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். இந்த வேலைக்காகத்தான் முருகன் என்னை அன்று வரவழைத்தான் என்று நம்புகிறேன்.

மகன் இன்னும் வரவில்லை. பூட்டைத் திறந்தால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறு விடிந்தால் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்துவிடுகிறது. ஊரார் குறையெல்லாம் எழுதுகிறேன். எனக்கென்று ஒரு காகிதம் எடுத்தால், அந்த அம்மா சொன்ன வரிக்கு மேல் கேட்க இன்றுவரை எதுவும் தோன்றவில்லை.